இரண்டு பொன்னாடைகளும் ஒரு நடுவரும்

அக்டோபர் 13, ஞாயிறு

டெட்ராய்ட் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் என்னை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மதுரையில் என்றால் பெட்டி எடுக்கும் இடத்திலேயே நாலு பேர் செல்ஃபிக்கு வந்திருப்பார்கள். "நடுவர் ஐயா, அந்த மாமியார் ஜோக்கைச் சொல்லுங்க" என்று ஒருவராவது கேட்டிருப்பார். இங்கே ஒரே ஒருவர் நெருங்கி வந்தார். அவருடைய பெட்டியை நான் எடுத்து வைத்திருந்தேன்.

மகள் பூங்கோதை காரோடு வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். மாப்பிள்ளை சொக்கலிங்கம் கார் கம்பெனி வேலையாக மெக்சிகோ போயிருக்கிறார், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வருவாராம். இந்த ஊர்ப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் வருகிறதாம், அதில் இவள் நிற்கிறாளாம். அதிபர் தேர்தலும் அன்றுதான். இரண்டும் ஒரே வாக்குச்சீட்டில் வருமாம்.

"சின்னம் என்ன?" என்று கேட்டேன்.

"சின்னமெல்லாம் கிடையாதுப்பா. பேரு மட்டும்தான்."

"கட்சி?"

"அதுவும் கிடையாது. அபார்ட்மென்ட் பக்கம் போற ஸ்கூல் பஸ்ஸை நிறுத்தப் போறாங்க. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க பனியில நடந்து வரணும். அதுக்குத்தான் நிக்கிறேன். பஸ்ஸுக்கு ஏதுப்பா கட்சி?"

சின்னம் இல்லை, கட்சி இல்லை. இது தேர்தலா, காதுகுத்துப் பத்திரிகையா என்றேன். சிரித்தாள். பிறகு, "அடுத்த மாசம் அஞ்சாம் தேதி, செவ்வாக்கிழமை, தேர்தல் அன்னைக்கு, நீங்க இங்கதான இருப்பீங்க?" என்றாள். டாலஸ் தமிழ்ச் சங்கத்தார் நாலாம் தேதிக்கே டிக்கெட் போட்டுவிட்டார்கள், ஊரெல்லாம் சுற்றிக்காட்டி ஒன்பதாம் தேதி பட்டிமன்ற மேடை ஏற்றுகிறார்கள் என்றேன். "ஓ. சரிப்பா" என்றாள்.

இட்லி, மிளகாய்ப்பொடி. மைசூர்பாகு டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை நடை. நம் ஊரில் தேர்தல் என்றால் சுவருக்கு வெள்ளையடித்து இடம் பிடிப்போம். இங்கே வீட்டுக்கு முன்னால் புல்லில் அட்டை நட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு கட்சியின் சிவப்பு, பக்கத்து வீட்டில் மறு கட்சியின் நீலம். ஒரு வீட்டில் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் நீலமுமாக இருந்தது. அங்கே சாப்பாடு யார் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நாலைந்து வீடுகளில் ஆளுயர எலும்புக்கூடு நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது அணி ஒன்று இவ்வளவு பலமாக இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று வியந்து, இது எந்தக் கட்சிச் சின்னம் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். பூங்கோதை காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அது ஏதோ பேய்த் திருநாளுக்கான அலங்காரமாம், அன்று பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பார்களாம்.

அவளுடைய அட்டை மஞ்சள் நிறம். எங்கும் அதிகமாகக் கண்ணில் படவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் வந்தார்கள், நவம்பர் இரண்டாம் தேதி இங்கே நடக்கும் என் பட்டிமன்றம் பற்றிப் பேச. செயலாளர் மெர்லின், நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. பொருளாளர் டாக்டர் தாமோதரசாமி, பொள்ளாச்சிக்காரர், இதய மருத்துவர். இருவரும் ஒரே காரில்தான் எப்போதும் வருவார்களாம். இன்று இரண்டு கார்.

விவகாரம் இதுதான். ஒரு பெரிய பாடகி இந்தப் பக்கம் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஒரு பந்தாட்டக்காரன் அந்தப் பக்கம் போடுங்கள் என்று சொல்லிவிட்டான். அதை இவர்கள் சங்க வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பி, கடைசியில் தீபாவளியையே இரண்டு மண்டபத்தில் கொண்டாடலாமா என்ற அளவுக்குப் போயிருக்கிறது. அதனால் என் தலைப்பை மாற்றிவிட்டார்கள். "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா?" போய், "தேர்தலில் பிரபலங்கள் பக்கம் சேரலாமா, கூடாதா?" வந்துவிட்டது. சேரலாம் அணிக்கு மெர்லின் தலைமை, கூடாது அணிக்கு டாக்டர்.

கணவன் மனைவிக்கு என்னிடம் எண்பது ஜோக் இருக்கிறது. பிரபலத்துக்கு ஒன்றுகூட இல்லை. பிரபலம் நானே அல்லவா?

"நீங்க தீர்ப்புச் சொன்னா ரெண்டு பக்கமும் கேட்டுக்குமுங்கய்யா. நீங்க தராசுங்க" என்றார் டாக்டர். மெர்லினும் தலையாட்டினார். இன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

போகும்போது தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். "உங்க பொண்ணு எந்தப் பக்கம்?" பஸ் பக்கம் என்றேன். நான் மழுப்புவதாக இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மெர்லின் வீட்டில் விருந்து. மீன்குழம்பும் மரவள்ளிக்கிழங்கும். சாப்பிட்டு முடித்ததும், "ஐயா, ஒரு சின்ன மரியாதை" என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். நல்ல கனம். ஓரத்தில் சரிகை. படம் எடுத்தார்கள். கைகூப்பினேன்.

அக்டோபர் 21, திங்கள்

பொன்னாடை நீல நிறமாம்.

அதாவது, நீலம் என்று நேற்றே கண்ணில் பட்டது. அது ஒரு பக்கத்தின் நிறம் என்றுதான் மனதில் படவில்லை. நம் ஊரில் வேட்டிக் கரையைப் பார்த்துத்தான் கட்சியைக் கண்டுபிடிப்போம், பொன்னாடையைப் பார்த்து யார் கண்டுபிடித்தார்கள்? வாட்ஸப்பில் என் படம் போய்விட்டது. கீழே ஒரு வரி: "நடுவர் ஐயா நம்ம பக்கம்." எண்ணூறு பேர் பார்த்தாயிற்று.

அக்டோபர் 22, செவ்வாய்

டாக்டர் காலை ஏழு மணிக்கே வந்து நின்றார். கையில் சிவப்புப் பொன்னாடை.

"நானுங்க, பிரபலங்க பக்கம் சேரக்கூடாதுன்னு பேசப் போறவனுங்க. ஆனா நீங்க அந்தப் பக்கம் சாஞ்சுட்டீங்கன்னு ஊரே பேசுது. இதையும் போட்டுக்கிட்டா சரியாப் போயிருமுங்க."

ஒருவர் விரித்துக்கொண்டு வரும் பொன்னாடையை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டா? முப்பது வருடத்தில் எத்தனையோ பொன்னாடைகள். சங்கரன்கோவில் வீட்டு பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றையாவது மறுத்ததுண்டா? குனிந்தேன். போர்த்தினார். மாப்பிள்ளையின் சமையலறையில், நைட் பேன்ட் மேல், பல் விளக்காமல், படம்.

பத்து மணிக்கு வாட்ஸப்பில் வந்துவிட்டது: "நடுவர் ஐயா மனம் திரும்பினார்."

அக்டோபர் 23, புதன்

மனைவி கோமதி போன் செய்தாள். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து ஊரில் படுத்திருக்கிறாள், ஆனால் வாய்க்கு ஓய்வில்லை. இரண்டு படங்களையும் அவள் தங்கை அனுப்பிவிட்டாளாம்.

"ரெண்டு பேருகிட்டயும் வாங்கிட்டீயளாக்கும்? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுத விலாங்கு மாதிரி."

"நடுவன் எல்லோருக்கும் பொதுவானவன் கோமதி."

"அன்னைக்கு மக மெட்ராஸ்ல போயி படிக்கணும்னு அழுதப்பவும் இதத்தான் சொன்னீய. உங்க அம்மாவும் பேசட்டும், மகளும் பேசட்டும், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சாஞ்சு உக்காந்துக்கிட்டீய. விடியக்காலம் அவள பஸ் ஏத்திவிட்டது நான்."

சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது. மருந்துக்கடை எங்கே என்று கேட்க வேண்டும்.

அக்டோபர் 26, சனி

பூங்கோதை வேலை முடிந்து வந்து, அப்படியே அட்டைகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கதவைத் தட்டப் போகிறாள். திரும்பும்போது மூக்கு சிவந்திருக்கிறது. இன்று சாப்பிடும்போது, "அப்பா, அஞ்சாம் தேதி விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? நான் அவளை முடிக்க விடவில்லை. "இந்த ஊரில் தமிழ் ஓட்டு எவ்வளவு என்று எனக்குத் தெரியும் அம்மா. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது எங்கே போகும் என்றும் தெரியும். ஆனால் ஒரு நடுவன் தன் மகளுக்காக வாய் திறந்தால், நாளைக்கு எந்த மேடையில் அவன் தீர்ப்பை யார் மதிப்பார்கள்?" என்றேன். நன்றாக வந்தது. தராசு முள்ளைப் பற்றியும் இரண்டு வரி சொன்னேன், டாலஸில் பயன்படுத்தலாம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ரசம் போடவாப்பா?" என்றாள்.

என்ன கேட்க வந்தாய் என்று பிறகு கேட்டேன். ஒன்றுமில்லை என்றுவிட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

மைசூர்பாகு: ஒன்று. (சிறியது.)

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் பேய்த் திருநாளும் ஒரே நாளில். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சாயங்காலம் பேய்கள் வந்து மிட்டாய் கேட்டன. கொடுத்து அனுப்பினேன். ஒரு குட்டிப் பேயின் அம்மா வாசலில் இருந்த மஞ்சள் அட்டையைப் பார்த்துவிட்டு, பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அபார்ட்மென்டில் இருக்கிறாளாம். அவளிடம் கார் இல்லையாம். பேசும்போது அவள் கண் கலங்கியது.

என் மகள் வென்றுவிடுவாள் போல் தோன்றியது. உடனே தோற்றுவிடுவாள் போலும் தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2, சனி

பட்டிமன்றம் முடிந்தது. அரங்கம் நிறைந்த கூட்டம். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. கேசரிகூட இரண்டு பாத்திரத்தில் வந்திருந்தது. இரண்டிலும் முந்திரி ஒன்றுதான்.

டாக்டர் நன்றாகப் பேசினார். "பாட்டுக் கேக்கறதுக்குப் பாடகிகிட்டப் போங்க. நெஞ்சு வலிச்சா என்கிட்ட வாங்க. ஓட்டுக்கு மட்டும் எதுக்குங்க உங்க புத்தியை விட்டுப்போட்டு அவங்க புத்திகிட்டப் போறீங்க?" கைதட்டல், ஒரு பக்கத்திலிருந்து.

மெர்லின் விடவில்லை. "பாடகியும் வரி கட்டுறா. அவளுக்கும் பிள்ளை இருக்கு. பாடுறதுக்கு மட்டும் வாயைத் திற, மத்ததுக்கு மூடிக்கோன்னு சொல்ல நாம யாரு? பேர் தெரிஞ்சவன் பேசாம இருந்தா அவன் நடுநிலையா? அவன் தன்னோட மார்க்கெட்டைப் பாத்துக்கிறான், அவ்வளவுதான்." கைதட்டல், மறு பக்கத்திலிருந்து.

இந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. குறிப்பெடுக்கவும் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை, இதோ எழுதிவிட்டேனே.

தீர்ப்புக்கு எழுந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் பூங்கோதை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சங்க மண்டபத்தில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று சொன்னதால், சட்டையில் குத்தியிருந்த மஞ்சள் பொத்தானைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். மனதுக்குள் வேறு ஏதோ ஒரு தீர்ப்பு வந்தது. வாயில் வந்தது, வழக்கமானது.

"வண்டிக்கு ஒரு சக்கரம் போதுமா? பேசுகிற பிரபலம் ஒரு சக்கரம், பேசாத பிரபலம் ஒரு சக்கரம். இரண்டும் உருண்டால்தான் ஜனநாயகம் என்னும் வண்டி ஓடும்!"

அரங்கம் அதிர்ந்தது. இரண்டு பக்கமும் எழுந்து நின்று தட்டினார்கள். மெர்லினும் டாக்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார்கள், தங்கள் அணிதான் வென்றதாக இருவருக்கும் திருப்தி. சங்கம் பிழைத்தது. வீட்டுக்குப் போக எனக்கு ஏனோ அவசரமாக இருந்தது.

காரில் பூங்கோதை, "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். நானே ஆரம்பித்தேன். "மேடையில் உனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவனாக…"

"நான் உங்களை மேடையில எதுவும் சொல்லச் சொல்லலையேப்பா."

"பிறகு?"

"கூட நிக்கத்தான் கேக்க வந்தேன். ஓட்டுப் போடுற இடம் நாலு ஸ்கூல்ல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வாசல்ல யாராவது அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவர் மெக்சிகோ போயிட்டார், ஒரு ஆள் குறையுது. அங்க உங்களை யாருக்கும் தெரியாதுப்பா. அதனாலதான் கேக்கலாம்னு நெனச்சேன்." சிக்னலில் கார் நின்றது. "வெளிநாட்டுக்காரங்க சம்பளம் வாங்காம நிக்கலாமான்னுகூட விசாரிச்சு வச்சிருந்தேன். நிக்கலாமாம்."

"எப்போது விசாரித்தாய்?"

"நீங்க டிக்கெட் போட்ட அன்னைக்கே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

கோமதி நேரலையில் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வண்டி ஓடிட்டா?"

நவம்பர் 3, ஞாயிறு

இந்த ஊரில் இன்று எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போக வேண்டியிருந்தது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

டாலஸுக்குப் போன் செய்து, ஏழாம் தேதிதான் வருவேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை, தேர்தல் வேலை என்றேன். அங்கே யாரோ போனைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஏழு மணியிலிருந்து நின்றேன். வாசலிலிருந்து நூறடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம், கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்திருந்தார்கள். நடுவில், மரமே இல்லாத இடத்தில், மஞ்சள் அட்டையோடு நான்.

குளிர் எலும்பைத் தொட்டது. மாப்பிள்ளையின் கோட்டு என் வயிற்றைத் தாண்டிப் பொத்தான் போட மறுத்துவிட்டதால், முன்யோசனையாகப் பொன்னாடைகளைக் கொண்டுபோயிருந்தேன். நீலத்தைப் போர்த்தி அதன்மேல் சிவப்பைப் போர்த்தினேன். பிறகு காற்று திசை மாறியதால் சிவப்பின்மேல் நீலம். முப்பது வருடத்தில் முதல் முறையாகப் பொன்னாடையால் ஒரு பயன்.

ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. நான் ஜோக் சொல்ல முடியாது, என் ஆங்கிலத்துக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அட்டையைப் பிடித்தேன், சிரித்தேன், பழக்கத்தில் கைகூப்பினேன். சிலர் திருப்பிக் கைகூப்பினார்கள். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஒரு கோப்பைக் காபி கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் யார் என்று கேட்டாள். என் பட்டங்கள் எல்லாம் ஒரு நொடி வரிசையில் வந்து நின்றன. நாவரசர், நகைச்சுவைத் தென்றல், நடுவர் திலகம். எதற்கும் ஆங்கிலம் தெரியவில்லை.

"ஹெர் ஃபாதர்" என்றேன். அட்டையில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

பதினோரு மணி வாக்கில் மெர்லின் ஓட்டுப் போட வந்தார். கொஞ்சம் பின்னால் டாக்டர். இருவருக்கும் இதே பள்ளிதான் போலிருக்கிறது. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஐயா, இந்தக் குளிர்ல நீங்களா?" என்றார் மெர்லின்.

டாக்டர் பொன்னாடைகளை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப நீங்க எந்தப் பக்கமுங்க?"

"என் மக பக்கம்" என்றேன்.

தீர்ப்புக்கு முன்னால் நான் எப்போதும் ஒரு இடைவெளி விடுவேன். இதற்கு விடவில்லை.

இருவரும் உள்ளே போனார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று கேட்கவில்லை. திரும்பும்போது டாக்டர் ஒரு ஜோடிக் கையுறையைத் தந்தார், மெர்லின் தன் காரிலிருந்து மடக்கு நாற்காலி எடுத்து வந்து போட்டார். நான் உட்காரவில்லை. நிற்கத்தானே கேட்டாள்.

நவம்பர் 6, புதன்

அதிபர் யார் என்று காலையில் தெரிந்துவிட்டது. தெருவில் பாதி வீடுகளில் கொண்டாட்டம், பாதி வீடுகளில் திரைச்சீலை திறக்கவில்லை. எலும்புக்கூடுகள் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நிற்கின்றன.

பள்ளி வாரியத்தின் முடிவு பத்து மணிக்கு வந்தது. பூங்கோதை தோற்றுவிட்டாள். அதிக வித்தியாசமில்லை. மூன்று பள்ளிகளில் பின்தங்கி, ஒன்றில் மட்டும் முன்னால் வந்திருக்கிறாள். நான் நின்ற இடம் அது. அது அபார்ட்மென்ட்காரர்கள் ஓட்டுப் போடும் பள்ளி என்பதுதான் காரணம், எனக்கு அது தெரியும். என்றாலும் கோமதியிடம் அந்தக் காரணத்தைச் சொல்லப்போவதில்லை.

பூங்கோதை போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வெற்றியும் தோல்வியும் ஒரு வண்டியின்…" என்று வாய் தானாக ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

"நீதான் ஜெயிச்சிருக்கணும்" என்றேன். "நீ சொன்னதுதான் சரி. எதிர்ப்பக்கம் ஒரு நியாயமும் இல்லை."

நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையாப்பா?"

"ஒண்ணும் இல்ல."

சின்ன வயதில் சிரிப்பாளே, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அப்படிச் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து மைசூர்பாகு டப்பாவை அவள்தான் எடுத்து வந்தாள். உள்ளே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். இரண்டாக உடைத்தோம்.

சாயங்காலம் கோமதியிடம் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

"இம்புட்டு நாளு ஆயிருக்கு, இதச் சொல்ல" என்றாள். பிறகு, "காலு வீங்கியிருக்கா? வெந்நீர் வச்சு ஊத்துங்க."

நாளைக்கு டாலஸ். அங்கே குளிரில்லை என்கிறார்கள். பொன்னாடைகள் இரண்டையும் வாசல் கொக்கியில், மஞ்சள் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். அடுத்த முறையும் அவள் நிற்கிறாளாம்.